வரமாட்டார் பட்டியல்

ஏப்ரல் 4, வெள்ளி

புதிதாக வந்திருக்கும் தரவரிசை இயக்குநர் சுதர்சன் சார் இன்று எங்கள் சேர்க்கை அலுவலகம் முழுவதையும் ஒரு மணி நேரம் நிற்க வைத்துப் பேசினார். உட்கார்ந்தால் தூங்கிவிடுவோமாம். இந்தத் தனியார் பல்கலைக்கழகத்தில் பத்தொன்பது வருஷமாக விண்ணப்பம் வாங்கி, சரிபார்த்து, அடுக்கிக்கொண்டிருக்கிறேன். ஒருநாளும் தூங்கியதில்லை. அங்கே சொல்லவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். நம்மிடம் விண்ணப்பிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு இடம் கொடுத்துவிடுகிறோம். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பல்கலைக்கழகம் நூற்றுக்குப் பன்னிரண்டு பேரைத்தான் எடுக்கிறது. அதனால் ஒரு வாரப் பத்திரிகை வருஷாவருஷம் போடுகிற தரவரிசையில் அவர்களுக்கு மதிப்பு, நமக்கு இல்லை.

"சீட்டு குடுக்கறதுல என்ன பெருமை இருக்கு கண்ணி மேடம்? எத்தன பேருக்கு இல்லன்னு சொன்னோம், அதான் பெருமை. அதுக்குப் பேருதான் செலக்டிவிட்டி" என்றார் என்னைப் பார்த்து. முழுப் பெயர் அங்கயற்கண்ணி. வந்து நாலு நாள்தான் ஆகிறது, அதற்குள் பாதியாக்கிவிட்டார்.

இடங்களைக் குறைக்கப் போவதில்லை. குறைத்தால் வருமானம் போகும். விண்ணப்பத்தைக் கூட்டப் போகிறோம். விண்ணப்பக் கட்டணம் கிடையாது, ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்களுக்குப் போய் எல்லாரையும் போடச் சொல்ல வேண்டும். வாங்க வாங்க என்று கூப்பிட்டு வாசலில் நிறுத்துவதற்கு ஒரு திட்டம்.

"அந்தப் பக்கம்" என்றுதான் இங்கே சொல்வோம். அந்தக் காலத்தில் புருஷன் பெயரைச் சொல்லாத பெண்கள் மாதிரி, அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரை எங்கள் அலுவலகத்தில் யாரும் சொல்லமாட்டோம்.

ஏப்ரல் 12, சனி

காலையில் மாவு அரைத்தேன். கிரைண்டர் பெல்ட் மறுபடியும் நழுவுகிறது. இவரிடம் மூன்று வாரமாகச் சொல்கிறேன், கூட்டுறவு வங்கியில் ஊருக்கெல்லாம் நகைக்கடன் கொடுக்கிற மனிதருக்கு ஒரு பெல்ட் வாங்க நேரமில்லை.

மகள் மிருதுளா எங்கள் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாள். பொருளாதாரத் துறையில் பூரணி மேடம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு சனிக்கிழமை வகுப்பு எடுக்கிறார். இவள் இரண்டு வருஷமாகப் போகிறாள். பிளஸ் டூ பரீட்சை முடிந்த பிறகும் போகிறாள். வந்து வெங்காய விலை ஏன் ஏறுகிறது என்று ஒரு மணி நேரம் பேசுவாள். நான் வெங்காயத்தை வதக்கிக்கொண்டே உம் கொட்டுவேன்.

மாலையில் இரண்டு விண்ணப்பத்தையும் போட்டாள். அவளுக்கு வேண்டியது ஐந்து வருஷப் பொருளாதாரப் படிப்பு. இந்தச் சுற்றுவட்டாரத்தில் அது இரண்டே இடத்தில்தான் இருக்கிறது, எங்களிடமும் அந்தப் பக்கமும். "நம்மது சும்மா போட்டு வை, ஃப்ரீதானே. உனக்கு அந்தப் பக்கந்தான்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடங்கின பெண்.

என் நாத்தனார் சுசீலாவின் மகன் அந்தப் பக்கம் படித்தவன். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில், நூறு பேர் சாப்பிட உட்கார்ந்திருந்த பந்தியில், சுசீலா என்னைக் கேட்டாள்: "அண்ணி, உங்க யுனிவர்சிட்டியில கேட்டவங்களுக்கெல்லாம் சீட்டாமே?" பாயசத்தை இலையில் ஊற்றிக்கொண்டே கேட்டாள். பக்கத்து இலையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மிருதுளா அந்தப் பக்கம்தான் படிக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

முப்பத்தெட்டாயிரம் விண்ணப்பம். போன வருஷம் ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. சுதர்சன் சார் அலுவலகத்துக்கே பப்ஸ் வாங்கிக் கொடுத்தார்.

பெண்ணாடத்திலிருந்து ஒருவர் இரண்டு பஸ் மாறி வந்தார். மகனின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை நெஞ்சோடு பிடித்திருந்தார். பார்த்த உடனே தெரிந்துவிட்டது, இந்தப் பையன் எண்ணிக்கைக்குத்தான். "போடுங்கய்யா, நம்பிக்கையா இருங்க" என்றேன். அவர் போன பிறகு, என் பக்கத்து மேஜை ஜோஸ்பின், "ஏன் மேடம், இவங்கள்ட்ட நேரா சொல்லிட்டா என்ன?" என்றாள். நேராகச் சொல்வதற்கா சம்பளம்? டைப் அடி என்றேன்.

மே 8, வியாழன்

மிருதுளா 600க்கு 591.

இன்னொரு தடவை எழுதிக்கொள்கிறேன். 591.

இவர் கண் கலங்கிவிட்டார். நான் கலங்கவில்லை, நேராகப் போனை எடுத்து சுசீலாவுக்கு அடித்தேன். "ஓ, நல்ல மார்க்குதான்" என்றாள். நல்ல மார்க்குதானாம்! அவள் மகன் எடுத்தது எவ்வளவு என்று எனக்குத் தெரியாதா என்ன.

அலுவலகத்தில் சுதர்சன் சார் கை கொடுத்தார். "நம்மகிட்டதானே சேருவா? ஸ்டாஃப் பிள்ளைங்களுக்குப் பாதிக் கட்டணம் வேற."

"இல்ல சார். அந்தப் பக்கம் போவா" என்றேன். எல்லார் முன்னாலும் சொன்னேன். சொல்லும்போது எவ்வளவு நன்றாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். பத்தொன்பது வருஷம் சாப்பாடு போட்ட இடத்தைப் பற்றி இப்படி நினைப்பது தப்புதான். இருக்கட்டும்.

மே 13, செவ்வாய்

இன்றிலிருந்து தொலைபேசி வேலை. இது பெருமைக் கணக்கின் இரண்டாம் பாகம். எத்தனை பேரைத் தள்ளினோம் என்பது ஒன்று. கூப்பிட்டவர்களில் எத்தனை பேர் வந்து சேர்ந்தார்கள் என்பது இன்னொன்று. நாம் இடம் கொடுத்து, அவன் வேண்டாம் என்று அந்தப் பக்கம் போய்விட்டால் நமக்கு அவமானம். ஆகவே அவன் வேண்டாம் என்று சொல்வதற்குள் நாம் சொல்லிவிட வேண்டும். நல்ல மார்க் வாங்கியவர்களுக்குப் போன் செய்து, வருவார்களா என்று நைசாகத் தெரிந்துகொண்டு, பெயருக்கு நேரே வ. அல்லது வ.மா. போட வேண்டும். வருவார், வரமாட்டார். வ.மா. என்றால் இடமில்லை.

தொள்ளாயிரம் பேர். என் குரல் இதற்குத் தோது என்று முழுவதையும் என்னிடம் கொடுத்துவிட்டார்கள். "தம்பி, நான் அக்கா பேசறேன்பா, அட்மிஷன் ஆபீஸ்லேருந்து." நாற்பத்தாறு வயதில் அக்கா.

"நீ எங்க வேணா சேரு தம்பி, அக்காவுக்கு ஒன்னுமில்ல. சும்மா தெரிஞ்சுக்கக் கேக்கறேன். எது உனக்கு முதல் விருப்பம்?" என்றால் கொட்டிவிடுகிறார்கள். ஆத்தூர்ப் பையன் ஒருவன், 579, "அந்த யுனிவர்சிட்டிதான்க்கா, ஆனா உங்கள்தும் ரொம்பப் பிடிக்கும்" என்றான். உண்மை பேசினான். வ.மா.

பொய் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். 580க்கு மேலே வாங்கிவிட்டு "உங்களுதுதான் மேடம் ஃபர்ஸ்ட்" என்றால் அது வீட்டில் சொல்லிக் கொடுத்தது. எனக்கு ஒரு கணக்கு உண்டு. நிஜமாக வருகிறவர்கள் பஸ்ஸைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் கேட்பார்கள். வராதவர்கள் நன்றி சொல்வார்கள். இதுவரை தப்பியதில்லை.

மே 17, சனி

அந்தப் பக்கத்திலிருந்து வீட்டுக்குப் போன் வந்தது. வரும் என்று எனக்குத் தெரியும், அவர்கள் மட்டும் என்ன சும்மாவா இருப்பார்கள். மிருதுளாவுக்கு முந்தாநாளே பாடம் எடுத்துவிட்டேன். முதல் விருப்பம் எது என்றால் உங்களுதுதான் என்று சொல். ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றிக் கேள்.

கேட்டாள். மனப்பாடம் ஒப்பிக்கிற குரலில் கேட்டாள். போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டு நான் எதிரே நின்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக் கொடுத்தேன். எல்லாம் சரியாகத்தான் போனது. கடைசியில் போனில் பேசிய பெண் சாதாரணமாக, "அம்மா வேலைக்குப் போறாங்களாம்மா?" என்றாள். இவள் எங்கே வேலை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள்.

"ஹவுஸ் வைஃப்னு சொல்றதுக்கு என்னடி?"

"நீ ஹவுஸ் வைஃப் இல்லையேம்மா."

ஒன்றும் ஆகாது, 591 இருக்கிறது.

இரவு சாப்பிடும்போது, எங்கள் ஊழியர் பஸ்ஸில் படிக்கிற பிள்ளைகளையும் ஏற்றிக்கொள்வார்களா என்று கேட்டாள். இடம் இருந்தால் ஏற்றுவார்கள் என்றேன். கிரைண்டர் பெல்ட் வந்துவிட்டது, இரண்டு இன்ச் பெரிது.

மே 22, வியாழன்

பட்டியல் முடிந்தது. தொண்டை கட்டிவிட்டது. மிளகுப் பால் குடித்தேன்.

கடைசிப் பக்கத்தில் ஒரு பெயர் மட்டும் காலியாக இருந்தது. ஜோஸ்பின் காட்டினாள். "மேடம், இதுக்கு நீங்க போன் பண்ணல."

"எங்க வீட்டுப் பொண்ணுக்கு நான் போன் பண்ணிக் கேக்கணுமா?"

"இல்ல மேடம், காலியா விட்டா சிஸ்டம் எடுக்காது. வ. போடவா?"

போன வாரம் கூட்டத்தில், வேண்டியவர் வேண்டாதவர் பார்க்காமல் விதி எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நான்தான் பேசியிருந்தேன். சுதர்சன் சார் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தவிர அவள் எங்கே போகப் போகிறாள் என்று ஊருக்கே தெரியும். விதி என்னவோ அதன்படி முடித்தேன். இதில் தனியாக எழுத ஒன்றுமில்லை.

ஜோஸ்பின் இரண்டு தடவை என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாவற்றிலும் ஒரு பார்வை.

மே 30, வெள்ளி

எங்கள் பல்கலைக்கழகத்தின் முடிவுகள் எல்லாருக்கும் மின்னஞ்சலில் போயின. "தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. இவ்வாண்டு போட்டி மிகக் கடுமையாக இருந்ததால்..." என்று தொடங்குகிற கடிதம். நான் எழுதிக் கொடுத்த வாசகம்தான்.

மிருதுளா போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். "எனக்குக் கெடைக்கலம்மா" என்றாள்.

"நம்மதுதானேடி, விடு. அங்க இன்னும் வரலயே."

"591க்குக் கெடைக்காதாம்மா?"

"போட்டி அப்பிடி."

சாப்பிடவில்லை. தலைவலியாம். வெயில்.

ஜூன் 5, வியாழன்

அந்தப் பக்கமும் இல்லை.

ஜூன் 6, வெள்ளி

அரை நாள் விடுப்பு போட்டேன். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக நெடுஞ்சாலையைக் கடந்தேன். மேம்பாலம் இல்லை, லாரிகளுக்கு நடுவே சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. அவர்கள் வரவேற்பறையில் ஏசி. எங்களிடம் மின்விசிறி.

சேர்க்கைப் பிரிவில் வத்சலா என்று ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். வாயைத் திறந்ததும் தெரிந்துவிட்டது, அன்றைக்குப் பேசியவள் இவள்தான். நல்ல குரல்.

நான் மிருதுளாவின் மதிப்பெண் பட்டியலை வைத்தேன். கணினியில் பார்த்தாள். பிறகு என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தாள். அதைக் கழற்ற மறந்திருந்தேன்.

"உக்காருங்க மேடம். ஸ்டாஃப் பிள்ளைங்களுக்கு உங்ககிட்ட பாதிக் கட்டணம். வீட்டுலேருந்தே போய் வரலாம். பொண்ணு ரெண்டு வருஷமா அங்க சனிக்கிழமை கிளாஸ் வேற போயிருக்கா, ஃபார்ம்லயே எழுதியிருக்கா. இவ எங்ககிட்ட வருவான்னு நான் எப்பிடிப் போட முடியும்?"

"வருவா. அவளே போன்ல சொன்னாளே."

"சொன்னா. ஒப்பிச்சா." சிரிக்கவில்லை, ஏளனம் இல்லை. "ஒரு சீட்டு குடுத்து அவ வரலன்னா எங்க சதவீதம் கெடும். நீங்களும் இதே வேலைதானே மேடம் பாக்கறீங்க. உங்களுக்குத் தெரியாததா?"

காபி சொல்லட்டுமா என்று கேட்டாள். எழுந்து வந்துவிட்டேன். திரும்பும்போது லாரிக்காரன் ஒருவன் திட்டினான். என்ன திட்டினான் என்று காதில் விழவில்லை.

அவளை வயிறு எரியச் சபிக்க வேண்டும் என்றுதான் இந்த நோட்டை எடுத்தேன். வார்த்தை வரமாட்டேன் என்கிறது. அவள் சொன்னதில் ஒரு இடத்தில்கூடத் தப்பு இல்லை.

ஜூன் 9, திங்கள்

சுதர்சன் சாரைப் பார்த்தேன். கெஞ்சினேன். பத்தொன்பது வருஷத்தில் சம்பள உயர்வுக்குக்கூட இந்த மாதிரி நின்றதில்லை.

"லிஸ்ட் போயாச்சு மேடம். பொருளாதாரத்துல நாப்பது சீட்டும் ஃபுல். விதி எல்லாருக்கும் ஒன்னுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"ஒரே ஒரு பேரு சார்."

"அதுல இன்னொரு சிக்கல் இருக்கு." மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கு முழுப் பக்க விளம்பரம். நாம் இடம் மறுத்தவர்களில் ஆக உயர்ந்த மதிப்பெண் எது என்பதைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். சேர்ந்தவர்களின் மதிப்பெண்ணை எல்லாரும் போடுவார்கள், தள்ளினவர்களின் மதிப்பெண்ணைப் போடுவது அவர் யோசனை. "இது மாதிரி ஒரு நம்பர் அந்தப் பக்கம் எவன்கிட்டயும் இல்ல. எப்பிடி மேடம் எடுக்க முடியும்?"

எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் இடத்துக்குப் போய், வந்திருந்த கடிதங்களைப் பிரித்தேன். பெண்ணாடத்துக்காரர் எழுதியிருந்தார், மகனுக்கு அடுத்த வருஷமாவது கிடைக்குமா என்று.

ஜூன் 15, ஞாயிறு

இவர் பத்திரிகையை மடித்துத் தன் பனியனுக்குள் வைத்துக்கொண்டு குளியலறைக்குப் போனார். பாவம், மறைக்கத் தெரியாத மனிதர். மிருதுளா ஏற்கெனவே போனில் பார்த்துவிட்டாள். அவள் தோழிகள் ஏழு பேர் அனுப்பியிருந்தார்கள்.

"591 எடுத்தும் இங்கே இடம் கிடைக்கவில்லை. இப்போது தெரிகிறதா, நாங்கள் யார் என்று?"

அவள் அதைப் பார்த்துவிட்டு, இட்லிக்குச் சட்னி அரைக்கட்டுமா என்று என்னைக் கேட்டாள்.

ஜூன் 20, வெள்ளி

அரசுக் கல்லூரியில் இரண்டாம் கட்டக் கலந்தாய்வு. மிச்சம் இருந்தது பி.ஏ. பொருளாதாரம், மாலை வகுப்பு. இவர் கூட்டிக்கொண்டு போனார், நான் போகவில்லை. அலுவலகத்தில் வேலை இருந்தது. வேலை இல்லை. போகவில்லை, அவ்வளவுதான்.

ஜூன் 27, வெள்ளி

அந்த வாரப் பத்திரிகை போடுகிற தரவரிசை வெளியாகிவிட்டது. நாங்கள் அந்தப் பக்கத்தை மூன்று இடம் தாண்டிவிட்டோம். மைசூர்பாகு கொடுத்தார்கள். எனக்கு உதவி இயக்குநர் பதவி, தனி அறை. சுதர்சன் சார் மைக்கில், "கண்ணி மேடத்தோட குரல்தான் இந்த வெற்றி" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். ஜோஸ்பினும் தட்டினாள், சத்தம் வராமல்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சுசீலா போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அரிசி களைந்தேன்.

"அண்ணி, உங்க யுனிவர்சிட்டியில சீட்டு கெடைக்கறதே குதிரைக் கொம்பாமே. எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி பொண்ணு அடுத்த வருஷம் பிளஸ் டூ. நீங்க மனசு வச்சா ஒரு சீட்டு வாங்கிக் குடுக்கலாம்னு எல்லாரும் சொல்றாங்க. உங்களத்தான் நம்பியிருக்கோம்."

எட்டு வருஷமாக இந்தக் குரலை இப்படிக் கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன். குழைந்துதான் பேசினாள். பார்க்கிறேன் சுசீலா, போடச் சொல், நம்பிக்கையாக இரு என்றேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மிருதுளா சமையலறை வாசலில் நிற்கிறாள்.

ஜூன் 28, சனி

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன், விடாமல்.

மிருதுளா கேட்டாள்: "அம்மா, எம்பேருக்கு நேரா என்ன போட்டிருந்துச்சு?"

"என்ன போட்டிருந்துச்சுன்னா?"

"சீட்டு ஏன் தரலன்னு பூரணி மேடம் கேட்டாங்க. அவங்க போய் ஜோஸ்பின் அக்காகிட்ட விசாரிச்சிருக்காங்க. வரமாட்டாங்கன்னு போட்டிருக்காம். யாரு போட்டதுன்னு மட்டும் ஜோஸ்பின் அக்கா சொல்லலயாம்."

களைந்த அரிசியை மறுபடி களைந்தேன். தண்ணீர் தெளிந்துதான் இருந்தது.

"நான்தான் போட்டேன்."

இந்த நோட்டில்கூட இதுவரை அதை எழுதவில்லை. மே 22 பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். விதி என்னவோ அதன்படி முடித்தேன் என்று இருக்கிறது. என் கையெழுத்து. நான் வ.மா. போட்டேன். என் மகள் பெயருக்கு நேரே, என் பேனாவால்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், இரண்டு பேரும் அழுது முடித்திருப்போம். "தொள்ளாயிரம் பேருக்குப் போன் பண்ணினியேம்மா. தொண்ட கட்டிப்போய் மொளகுப் பால் குடிச்ச, நான்தான் போட்டுக் குடுத்தேன். பக்கத்து ரூம்லதானே இருந்தேன். எங்கிட்ட மட்டும் ஏன் கேக்கல?"

"உனக்கு அந்தப் பக்கந்தான் வேணும்னு..."

"நான் எப்ப சொன்னேன்?"

யோசித்துப் பார்த்தேன். சொன்னதே இல்லை. ஒரு தடவைகூட இல்லை. சொன்னதெல்லாம் நான்.

"எனக்கு பூரணி மேடம்கிட்ட படிக்கணும். அதுக்குத்தான் ரெண்டு வருஷம் வந்தேன். ஒங்க யுனிவர்சிட்டிதாம்மா எனக்கு வேண்டியிருந்துச்சு" என்றாள். பிறகு குக்கரை எடுத்துக் கொடுத்தாள், அரிசி வைக்க.

இன்று முழுவதும் ஒன்றையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். கேட்டிருந்தால்? மே மாதம் ஒருநாள் அலுவலகத்திலிருந்து வீட்டுக்குப் போன் போட்டு, அக்கா பேசறேன்பா என்று கேட்டிருந்தால்? உங்களுதுதான் என்று சொல்லியிருப்பாள். உண்மையைச் சொல்லியிருப்பாள்.

591 எடுத்த பெண் இங்கே வர ஆசைப்படுவதாவது. யாரோ வீட்டில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பேன். நன்றிம்மா என்று போனை வைத்துவிட்டு, வ.மா.தான் போட்டிருப்பேன்.